வாயும் வயிறும் ஒரு ஜோடிக் காலும்

கர்ப்பமாக இருக்கிற பெண்ணை ‘வாயும் வயிறுமா இருக்கா’ என்று சொல்வார்கள். இந்தப் பேச்சை முதலில் பேசியவர் யாரென்று தெரிந்திருந்தால் நேரில் போய் நாலு கேள்வி கேட்டிருப்பேன். வாயும் வயிறும் மட்டும் இருந்தால் ஆயிற்றா? தலை எங்கே போனது? கால் எங்கே போனது? ஆனால் அந்த ஆள் பொய் சொல்லவில்லை என்று ஆறாவது மாதத்தில் எனக்கே புரிந்துவிட்டது. என்னைச் சுற்றி இருந்த எல்லோர் கண்ணுக்கும் என்னிடம் அந்த இரண்டு உறுப்புகள்தான் தெரிந்தன. ஒன்று திறந்தே இருக்க வேண்டும், மற்றது நிறைந்தே இருக்க வேண்டும்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். டிரைவிங் ஸ்கூல் காரில் ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பேன். என் காலடியிலும் தனியாக ஒரு பிரேக் உண்டு. எதிரே லாரி வரும்போது கண்ணை மூடிக்கொள்கிறவர்களையும், இடப்பக்கம் திரும்பச் சொன்னால் எந்தக் கையால் சாப்பிடுகிறோம் என்று யோசிப்பவர்களையும் அந்த ஒரு பிரேக்கை வைத்துத்தான் இத்தனை வருஷமாகக் கரையேற்றினேன். எனக்கு ‘பிரேக் மேடம்’ என்று பெயர். நான் ‘நிறுத்து’ என்றால் பக்கத்துக் காரும் நிற்கும்.

அப்படிப்பட்ட எனக்குச் சாப்பாட்டு மேஜையில் மட்டும் பிரேக் பிடிக்கத் தெரியவில்லை.

யார் எதை நீட்டினாலும் வாங்கிக்கொண்டேன். கார் கற்க வந்த மருந்துக் கடைக்காரர், ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு பொட்டலம் பிஸ்கட்டோடு வந்தார். துணிக்கடை அம்மா கேக் கொண்டுவந்தார். ஸ்கூல் முதலாளி, மேசை இழுப்பறையில் எனக்காகவே சாக்லேட் வாங்கி வைத்தார். வேண்டாம் என்றால் முகம் வாடிவிடும். “உனக்கா குடுக்கறோம்? உள்ள இருக்கறவருக்கு” என்பார்கள். உள்ளே இருக்கிறவர் இதுவரை யாரிடமும் எதுவும் கேட்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாயில் அப்போது கேக் இருந்தது.

வீட்டில் கதை இன்னும் மோசம். என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரையே மேலே ஏற்றிக் கீழே இறக்குகிற மனிதர், தொண்டையிலிருந்து ஒரு வார்த்தையை மேலே ஏற்ற அரை நாள் எடுத்துக்கொள்வார். எங்களுக்குள் சண்டை வந்தால் மன்னிப்பு சாயங்காலம் அட்டைப் பெட்டியில் வரும். சின்னச் சண்டைக்கு க்ரீம் பன், பெரிய சண்டைக்கு முழு கேக். நான் அதைத் தின்று தீர்த்தால் மன்னித்துவிட்டேன் என்று அர்த்தம். கோபக்காரி என்பதால் எனக்கு இந்த ஏற்பாட்டில் வரும்படி அதிகம்.

அத்தை, அதாவது என் மாமியார், வீட்டிலேயே ஜன்னல் திரை தைத்துக் கொடுப்பவர். கூடத்தில் பாதியை அவருடைய தையல் மெஷினும் துணி மூட்டைகளும் பிடித்துக்கொண்டிருக்கும். எங்களுக்குள் சண்டை கிடையாது. பேச்சும் கிடையாது. “சாப்டியா?” “சாப்டேன் அத்தை.” “இன்னும் கொஞ்சம்?” கல்யாணமாகி மூன்று வருஷமாக எங்கள் உரையாடல் இதைத் தாண்டவில்லை. நான் உண்டானதும் அதில் ஒரு கிண்ணம் சேர்ந்துகொண்டது. பாலில் ஊறிய பேரீச்சம்பழம், மேலே தேன். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் கடைசிச் சொட்டை வழித்து முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்து என் வாயையே பார்ப்பார். அந்த நேரத்தில் அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரியும். வேறு எப்போதும் அது தெரியாது.

ஆறாவது மாதப் பரிசோதனையில் டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். டாக்டர்கள் கண்ணாடியைக் கழற்றினால் நல்ல செய்தி வராது.

“சர்க்கரை ஏறியிருக்கு. இந்தச் சமயத்துல சிலருக்கு வரும், பயப்பட வேண்டாம். ஆனா கட்டுல இல்லேன்னா குழந்தைக்குத்தான் சிரமம். இனிப்பை நிறுத்துங்க, காயும் பருப்பும் சாப்பிடுங்க. சாப்பிட்டதும் நடங்க. நாள் முழுக்கக் கார்ல உக்காந்திருக்கீங்களே, சாயந்தரமாவது நல்லா நடங்க. அடுத்த மாசம் மறுபடி பாக்கலாம். அப்பவும் இறங்கலேன்னா இன்சுலின் போட்டுக்க வேண்டியதுதான்.”

“மாத்திரையா?”

“ஊசி. தினமும். நீங்களே போட்டுக்கலாம், வயித்துல.”

இதில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். லாரிக்குப் பயப்படாதவள் நான், ஊசிக்குப் பயப்படுவேன். அன்று ரத்தம் எடுத்தபோதே மயங்கி விழுந்த என்னை நர்ஸ் பெஞ்சில் படுக்க வைத்து விசிறியிருந்தார். வேறு வழி இல்லையென்றால் குழந்தைக்காகப் போட்டுக்கொள்ளத்தான் போகிறேன். ஆனால் குழந்தை இருக்கிற வயிற்றில் நானே தினமும் ஊசி குத்துவதை நினைத்தபோது உள்ளங்கால் வரை வேர்த்தது. அதைவிட, குழந்தைக்குச் சிரமம் என்ற வார்த்தை நெஞ்சில் தைத்துக்கொண்டு நின்றது. என் வாய் செய்கிற வேலைக்கு அது எதற்குச் சிரமப்பட வேண்டும்?

வீட்டுக்கு வந்ததும் தைரியமாகச் சொல்லிவிட்டேன். “அத்தை, டாக்டர் இனிப்பு கூடாதுன்னுட்டாங்க. இனிமே கிண்ணம் வேண்டாம்.”

“சரிம்மா” என்றார். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அவ்வளவுதான். எவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது என்று நான் மார்தட்டிக்கொண்டேன்.

முடியவில்லை. அன்றிலிருந்து அத்தை வாயே திறக்கவில்லை. கோபம் இல்லை. கோபமாக இருந்தால் பாத்திரம் சத்தம் போடும். இங்கே பாத்திரம்கூடச் சத்தம் போடவில்லை. தையல் மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. “சாப்டியா?” என்று கேட்பதும் நின்றுபோனது. என்னிடம் சொல்ல அவருக்கு வைத்திருந்தது அந்த ஒரு கிண்ணம்தான், அதையும் நான் பிடுங்கிவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. அந்த வார முடிவில் நானே சமையலறைக்குப் போய், “அத்தை, பேரீச்சம்பழம் இருக்கா?” என்று கேட்டுவிட்டேன். அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். விளக்குப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. நான் பாலையும் குடித்து, தேனையும் நக்கி, பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன்.

மறுநாளிலிருந்து கிண்ணம் முன்னைவிட மும்முரமாக வந்தது. வீட்டோடு நிற்கவில்லை. நாங்கள் கார் பழக்குகிற மைதானம் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது. ஒரு சாயங்காலம் நான் மருந்துக் கடைக்காரருக்கு ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன், காரின் பின்கதவு திறந்து மூடுகிற சத்தம். திரும்பிப் பார்த்தால் அத்தை, மடியில் தூக்குடன்.

“நீங்க ஓட்டுங்க தம்பி. நான் பாட்டுக்கு இவளுக்கு ஊட்டி விட்டுட்டுப் போறேன்.”

மருந்துக் கடைக்காரர் கண்ணாடியில் அத்தையைப் பார்த்தார், கரண்டியைப் பார்த்தார், பின்னால் இருந்த சுவரை மட்டும் பார்க்கவில்லை. என் பக்கத்துப் பிரேக்கை நான் மிதித்த மிதியில் கரண்டியில் இருந்த தேன் என் காதில் வழிந்தது.

எனக்கு வந்ததே கோபம்! “கீழ இறங்குங்க சார்” என்றேன் அவரிடம். அவர் பாவம், விட்டால் போதும் என்று இறங்கிவிட்டார். “அத்தை, நீங்க முன்னாடி வாங்க. அந்த சீட்ல உக்காருங்க.”

“நான் எதுக்கும்மா அங்க?”

“உக்காருங்கன்னா உக்காருங்க.”

உட்கார்ந்தார். “ரெண்டு கையையும் ஸ்டீயரிங்ல வைங்க” என்றேன். வைத்தார். தூக்கு பின் இருக்கையில் கிடந்தது. கரண்டி தரையில் கிடந்தது. அத்தையின் இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருந்தது. கோபம் அப்படியே இறங்கி, எனக்குள் ஒரு யோசனை எழுந்து உட்கார்ந்தது. இந்தக் கைகள் இங்கே இருக்கிறவரை என் வாய்க்கு வர முடியாது.

“அத்தை, நீங்க கார் ஓட்டக் கத்துக்கங்க.”

“இந்த வயசுலயா? உனக்கென்ன பைத்தியமா?”

“எனக்கு வலி வந்துச்சுன்னு வைங்க. உங்க பிள்ளை எங்கயாவது ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல தொங்கிட்டிருப்பார். யாரு என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவாங்க?”

அத்தை ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தார். “எதை மிதிக்கணும்?” என்றார்.

முதல் வகுப்பு ஒரு நிமிஷம்கூட நீடிக்கவில்லை. தையல் மெஷினில் பழகிய கால் அது. மிதித்தால் ஓட வேண்டும், காலை எடுத்தால் நிற்க வேண்டும், அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த சட்டம். கார் நகர்ந்ததும் பயந்துபோய் எல்லாவற்றிலிருந்தும் காலை எடுத்துவிட்டார். கிளட்சை விட்டதும் கார் தவளை மாதிரி இரண்டு தாவு தாவி, இருமி, செத்துப்போனது.

“காலை எடுத்துட்டேனே! எடுத்தா நிக்கணும்ல?” என்று காரைத் திட்டினார்.

“இது மெஷின் இல்ல அத்தை.”

“பின்ன என்ன, மாடா?”

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அவர் பல் வரிசையை நான் முழுதாகப் பார்த்தது அன்றைக்குத்தான். உடனே சிரிப்பு நின்று, முகம் வெளுத்து, என் வயிற்றைப் பார்த்தார். “ஐயையோ, குலுங்கிடுச்சே. நீ இறங்கு. நீ உள்ள இருந்தா நான் தொட மாட்டேன்.”

முதலாளியிடம் கேட்டேன். வகுப்புகள் முடிந்தபிறகு பழைய காரை எடுத்துக்கொள்ளுங்கள், சும்மா நின்று துருப்பிடிப்பதற்கு ஓடட்டும் என்றார். என் கணவர் பிரேக் இருக்கைக்கு வந்தார். நான் வெளியே நின்று கற்றுக்கொடுத்தேன். காரை ஒடுக்கமான இடத்தில் பின்னோக்கி நிறுத்தப் பழக்குவதற்காக, தரையில் கோடு போட்டு, நீளவாக்கில் பிளாஸ்டிக் கம்பங்களை நிறுத்தி வைப்போம். கம்பத்தின் மேல் படாமல் கார் உள்ளே போக வேண்டும். நான் மைதானத்துச் சுவரோரம் நின்று சத்தம் போடுவேன். கார் நின்று, ஹேண்ட் பிரேக் போட்டு, கணவர் கையைத் தூக்கிக் காட்டிய பிறகு உள்ளே நடந்துபோய், விழுந்த கம்பங்களை நிமிர்த்திவிட்டு, மறுபடி சுவருக்குத் திரும்பி நடப்பேன். குனிய வேண்டாதபடி கம்பத்தின் தலையில் ஒரு கயிறு கட்டி, அதைக் கொக்கிக் கழியால் மாட்டித் தூக்குவேன்.

அத்தை ஒரு கம்பத்தையும் விட்டுவைக்கவில்லை. ஒருமுறை வரிசையாக அத்தனையும் சாய்த்துவிட்டு, “எல்லாம் ஏன் குறுக்க வருது?” என்று கேட்டார். நான் போனேன், வந்தேன், போனேன், வந்தேன். இடுப்பு வலித்தது, மூச்சு வாங்கியது. இருட்டத் தொடங்கி வீட்டுக்குப் போகிறபோதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். டாக்டரம்மா சொன்ன நடையை ஒரே சாயங்காலத்தில் நடந்து முடித்திருந்தேன். கிண்ணத்தைப் பற்றி யாருக்கும் நினைவே வரவில்லை.

அத்தைக்கு அதில் வெறி பிடித்துவிட்டது. காலையில் தைக்கும்போதே, “கிளட்சு அரைவாசி, அப்புறம் ஸ்டீயரிங்கு” என்று முணுமுணுப்பார். சாப்பாட்டு நேரத்தில், “நேத்து நான் திருப்பினது சீக்கிரமா, லேட்டா?” என்று கேட்பார். நான் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, டம்ளரைக் காராகவும் உப்புப் புட்டிகளைக் கம்பங்களாகவும் வைத்து விளக்குவேன். பேச்சு மும்முரத்தில் ‘இன்னும் கொஞ்சம்’ மறந்துபோகும். டாக்டர் சொன்ன காயும் பருப்பும் போதும் என்று நானே சொல்லும் அளவுக்கு எங்களுக்குள் பேச்சு வளர்ந்துவிட்டது. சொன்னபோது அவர் முகம் வாடவுமில்லை.

பேக்கரிக்கும் அடி விழுந்தது. ஒருநாள் காலையில், ஒழுகுகிற குழாயைச் சரி செய்யவில்லை என்று நானும் கணவரும் கத்திக்கொண்டோம். முழு கேக் அளவுக்குச் சண்டை. ஆனால் சாயங்காலம் வேலை முடிந்து நேராக மைதானத்துக்கு வர வேண்டியிருந்ததால் அவருக்குப் பேக்கரிப் பக்கம் போக நேரமில்லை. பயிற்சி முடிந்து மூவரும் நடந்து திரும்பினோம். அத்தை முன்னால் கையால் காற்றில் ஸ்டீயரிங் திருப்பிக்கொண்டே போனார். இவர் என் பக்கத்தில் வெறுங்கையோடு நடந்தார். பாவமாக இருந்தது. கையை எங்கே வைப்பதென்றே அவருக்குத் தெரியவில்லை.

“காலைல நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது” என்றார் கடைசியில்.

நான் நின்றுவிட்டேன்.

“டாக்டர் சொன்னதுலேர்ந்து எனக்குப் பயமா இருக்கு. உனக்கும் குழந்தைக்கும் ஏதாவது ஆயிடுமோன்னு. பயம் வந்தா எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல. கால் தானா பேக்கரிக்குப் போயிடுது.”

எனக்கும் பயம்தான் என்றேன். அதுவரை நானும் சொல்லவில்லை. சொன்னதும் நெஞ்சு லேசாகிவிட்டது. மிச்ச தூரத்தைக் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். எந்த கேக்கும் எனக்கு அப்படி ருசித்ததில்லை.

இதற்குள் அத்தை தேறிவிட்டார். அதுதான் வம்பாகப் போயிற்று. கார் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி பின்னால் போய்க் கோட்டுக்குள் நிற்கத் தொடங்கியது. ஒரு கம்பம்கூட அசையவில்லை. வாத்தியாராக எனக்குப் பெருமை தாங்கவில்லை. கணவரிடமும் முதலாளியிடமும் தம்பட்டம் அடித்தேன். ஆனால் கம்பம் விழாவிட்டால் எனக்கு நடக்க வேலையில்லை. “நீங்க ஓட்டுங்க அத்தை, நான் இப்படி உக்காந்துக்கறேன்” என்று சுவரோரம் ஒரு ஸ்டூல் போட்டுக்கொண்டேன். காரணமில்லாமல் நடக்க எனக்கு என்றைக்குமே சோம்பல். கணவர்தான், “டாக்டர் நடக்கச் சொன்னாங்களே, நடக்கலையா?” என்று காருக்குள்ளிருந்து கேட்டார். “நாளைக்கு” என்றேன். மறுநாளும் ‘நாளைக்கு’ என்றேன்.

அதற்கு அடுத்த நாளிலிருந்து அத்தைக்கு என்ன ஆனதோ தெரியவில்லை. எல்லாம் தலைகீழாகப் போனது. நேராகப் போகிற கார் கடைசி நேரத்தில் ஒருபக்கம் ஒதுங்கி ஒரு கம்பத்தைத் தட்டியது. நிமிர்த்திவிட்டு வந்து உட்கார்ந்தால் அடுத்த கம்பம். அதை நிமிர்த்தினால் அதற்கு அடுத்தது.

“முந்தாநாள் எவ்வளவு அழகா எடுத்தீங்க! என்ன ஆச்சு இப்ப?” என்று கத்தினேன்.

“என்னமோ தெரியலம்மா. கை வர மாட்டேங்குது.”

லைசென்ஸ் பரீட்சைக்கு நாள் வாங்கி வைத்திருந்தேன். “நான் இன்னும் தேறல, தள்ளிப் போடு” என்று அத்தை கறாராகச் சொல்லிவிட்டார். எனக்கு மானம் போனது. என்னிடம் கற்றவர்கள் யாரும் பரீட்சையைத் தள்ளிப்போட்டது கிடையாது, கண்ணை மூடிக்கொள்கிறவர்கள் உட்பட. சொல்லிக்கொடுக்கிற விதத்தில் எங்கே தப்பு என்று யோசித்து யோசித்து மண்டை காய்ந்தது. தினமும் கத்திக்கொண்டே நடந்தேன். ஸ்டூல் ஓரமாகக் கிடந்து வெயில் காய்ந்தது.

பரிசோதனை நாள் வந்தது. ரத்தம் எடுக்கும்போது சுவரைப் பார்த்துக்கொண்டேன். இந்தமுறை மயக்கம் வரவில்லை. டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தார். கண்ணாடி மூக்கிலேயே இருந்தது.

“நல்லா இறங்கியிருக்கு. ஊசி தேவையில்ல. எப்படி இவ்வளவு நடந்தீங்க? என்கிட்ட வர்றவங்க பாதிப் பேர் நாலாம் நாளே விட்டுடுவாங்க.”

“எங்க அத்தைக்குக் கார் ஓட்ட வரல டாக்டர்” என்றேன். அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து வயிற்றைத் தடவிக்கொண்டு கொஞ்சநேரம் அழுதேன். சந்தோஷத்தில் அழுதால் வெட்கப்பட வேண்டியதில்லை.

மைதானத்துக்கு நேராகப் போனேன். கார் தயாராக நின்றிருந்தது. அத்தை ஸ்டீயரிங்கில் கையை வைத்தபடி, என்னைக் கண்டதும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். முகத்தில் ரத்தமே இல்லை.

“என்ன சொன்னாங்க?”

“இறங்கிடுச்சு அத்தை. ஊசி வேண்டாமாம்.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். உதடு என்னமோ முணுமுணுத்தது. பிறகு கண்ணைத் திறந்து, “அப்ப இனிமே நீ நடக்க வேண்டியதில்லையா?” என்று கேட்டார்.

“அதெப்படி? குழந்தை பிறக்கிற வரைக்கும் இதே மாதிரி நடக்கணுமாம்.”

அத்தையின் முகம் சட்டென்று தொங்கிப்போனது. பெருமூச்சு விட்டு, ஸ்டீயரிங்கை ஏக்கத்தோடு ஒருமுறை தடவினார்.

“அப்ப குழந்தை பிறக்கிற வரைக்கும் நான் தேற முடியாதா?”

பக்கத்து இருக்கையில் என் கணவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும்தான் எனக்கு மண்டையில் ஏறியது. காலையில் ‘கிளட்சு அரைவாசி’ என்று முணுமுணுக்கிற மனுஷி, தனக்கு அத்தனை ஆசையான பரீட்சையைத் தள்ளிப்போட்டுவிட்டு, நான் கத்தக் கத்த, ‘கை வரல’ என்று சொல்லித் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். “அத்தை” என்று ஆரம்பித்தேன்.

“என்ன அத்தை? தள்ளி சுவர்கிட்டப் போய் நில்லு” என்றார்.

போய் நின்றேன். கார் பின்னால் வந்தது. ஒரு கோணல் இல்லை, ஒரு தயக்கம் இல்லை. கோட்டுக்குள் அளவெடுத்துத் தைத்த மாதிரி வந்து பொருந்தி நின்றது. பிறகு மெதுவாக, மிக மெதுவாக, ஒருபக்கம் ஒதுங்கி, சுவரிலிருந்து ஆகத் தூரத்தில் இருந்த கம்பத்தைத் தேடிப் போய்ச் சாய்த்தது.

ஹேண்ட் பிரேக் போடுகிற சத்தம் கேட்டது. கணவர் கையைத் தூக்கினார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன்.